பிள்ளையை யார் பார்த்துக் கொள்வது?

ஆழ்வார்திருநகரிக்குப் போனவர்கள் அந்தப் புளியமரத்தைப் பார்த்திருப்பார்கள். ஆதிநாதர் கோயிலுக்குள் நிற்கிறது. நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் இருந்த இடம் அது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. பிள்ளை அழவில்லை. பால் குடிக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. பெற்றோர் திகைத்துப் போனார்கள். கோயிலுக்குக் கொண்டு வந்து புளியமரத்தடியில் விட்டார்கள். மரம் பிள்ளையைப் பார்த்துக் கொண்டது.

அது தெய்வப் பிள்ளை. பசி இல்லை, நோய் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை அப்படியா? இரண்டு நாழிகைக்கு ஒரு தரம் பசிக்கும். தவழ்ந்து வாசற்படி தாண்டும். கையில் அகப்பட்டதை வாயில் போடும். அதைப் பார்த்துக் கொள்ள ஒரு மனுஷி வேண்டும்.

அந்த மனுஷிக்குத்தான் இப்பொழுது பஞ்சம்!

காலை நேரத்துக் கேள்வி

ஆழ்வார்திருநகரியைச் சுற்றி நெல்லும் வாழையும் விளைகின்றன. தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து பாய்கிறது. நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும். கிழக்கே தூத்துக்குடிப் பக்கம் போனால் உப்பளங்கள். அங்கே வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்று விடியுமுன்பே புறப்பட்டு விடுகிறார்கள்.

தூக்குச்சட்டியில் சோறு எடுத்து வைத்தாயிற்று. தலையில் துண்டும் கட்டியாயிற்று. ஆனால் கைப்பிள்ளையை யாரிடம் விடுவது?

"எக்கா, பிள்ளைய ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க. உச்சிக்குள்ள வந்திருதேன்."

"நானும்லா வேலைக்குப் போறேன், தங்கச்சி!"

தெருவுக்குத் தெரு இந்தப் பேச்சுதான். முன்பெல்லாம் வரப்போரத்து மரத்தில் சேலையால் தொட்டில் கட்டுவார்கள். வேலைக்கு நடுவே ஓடி வந்து ஒரு ஆட்டு ஆட்டி விட்டுப் போவார்கள். வீட்டில் பாட்டி இருப்பாள். இன்று பாட்டியும் கூலிக்குப் போகிறாள். மகன் ஓர் ஊர், மருமகள் ஓர் ஊர் என்று குடும்பங்களும் பிரிந்து கிடக்கின்றன.

இந்தக் கஷ்டத்துக்குச் சர்க்கார் ஒரு வழி கண்டது. அந்த வழிதான் இந்தப் பத்தாண்டுகளில், சத்தம் இல்லாமல், மூடிக் கொண்டே வந்திருக்கிறது.

பால்வாடி வேறு, காப்பகம் வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் பால்வாடி என்று சொல்லுகிறோமே, அது அங்கன்வாடி. இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள் அங்கே வருவார்கள். பாட்டு, கதை, விளையாட்டு உண்டு. மத்தியானச் சோறும் முட்டையும் உண்டு. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துமாவைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள்.

குழந்தைக் காப்பகம் என்பது வேறு. அது வேலைக்குப் போகும் தாய்க்காக ஏற்பட்டது. ஆறு மாதக் குழந்தையைக் கூட அங்கே விடலாம். மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஒரு காப்பகத்தில் 25 பிள்ளைகள். பார்த்துக் கொள்ள ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். தூங்கப் பாய், குடிக்கப் பால், சாப்பிடச் சோறு.

பால்வாடி பிள்ளைக்குச் சோறு போடுகிறது, சொல்லிக் கொடுக்கிறது. காப்பகம் அவற்றோடு, தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையை வைத்துக் கொள்கிறது. ஒன்று இருக்கிறதே, மற்றொன்று எதற்கு என்று கேட்பது சரியல்ல. ஆறு மாதக் குழந்தைக்குப் பால்வாடியில் இடம் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடம் உண்டு; ஆனால் தாய் வீடு திரும்புமுன் பால்வாடி முடிந்து விடலாம்.

எப்படி வந்தது?

இது புதிய யோசனை அல்ல. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று எழுதினார்கள். 1976-ல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று சொன்னார்கள்.

தேயிலைத் தோட்டங்களில் இது நெடுநாள் வழக்கம். இலங்கை மலையகத்தில் நம் தமிழ்த் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை விட்டுச் செல்லும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். லயத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். வெள்ளைக்காரத் துரை அன்பினால் மட்டும் அதைக் கட்டவில்லை. பிள்ளை பத்திரமாக இருந்தால்தான் தாயின் கை கொழுந்தில் ஓடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆலைக்கும் தோட்டத்துக்கும் சட்டம் உண்டு. நடவு வயலுக்கு? வாழைத் தோட்டத்துக்கு? நாலைந்து பேர் வேலை செய்யும் பாத்திக்கு? அந்தச் சட்டம் அங்கே எட்டாது.

அந்தக் குறையை நீக்கத்தான் சர்க்கார் பணத்தில் காப்பகங்கள் வந்தன. தொண்டு ஸ்தாபனங்கள் நடத்தின. மத்திய சர்க்கார் பணம் கொடுத்தது. 2006-ல் பழைய திட்டங்களை ஒன்றாக்கி, ராஜீவ் காந்தி பெயரில் தேசியக் காப்பகத் திட்டம் தொடங்கியது.

இந்த வேலைக்குப் பாடுபட்டவர்களில் தமிழ்நாட்டார் மறக்கக் கூடாத பெயர் ஒன்று உண்டு. மீனா சுவாமிநாதன். விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி. பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1972-ல் அந்தக் குழு கொடுத்த யோசனைகளின் வழியில்தான் 1975 அக்டோபர் 2-ந் தேதி, நாட்டில் 33 இடங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1969-ல் மீரா மகாதேவன் என்ற அம்மையார் டில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கொட்டகை போட்டுக் காப்பகம் தொடங்கினார். செங்கல் சுமக்கும் பெண்களின் குழந்தைகள் மண்ணில் கிடப்பதைக் கண்டு பொறுக்காமல் செய்த காரியம் அது.

எப்படிப் போனது?

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2015-ஐ ஒட்டி நாட்டில் 23,000-க்கு மேற்பட்ட காப்பகங்கள் சர்க்கார் உதவியில் நடந்தன. 2020 தொடக்கத்தில் ஏறத்தாழ 6,500 தான் மிச்சம்.

அதாவது நான்கு காப்பகம் இருந்த இடத்தில் ஒன்றுதான் நின்றது. மூன்று போய்விட்டது! ஒவ்வொன்றிலும் 25 பிள்ளைகள் என்று கணக்கிட்டால், நான்கு லட்சம் பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

யார் மூடியது? மூடச் சொல்லி ஓர் உத்தரவும் வரவில்லை. அதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

2017 ஜனவரி வரை செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய சர்க்கார் கொடுத்து வந்தது. பாக்கிப் பத்துப் பங்கு, நடத்தும் ஸ்தாபனத்தின் பொறுப்பு. அதன்பின் ஏற்பாடு மாறியது. மத்திய சர்க்கார் 60, மாநிலச் சர்க்கார் 30, ஸ்தாபனம் 10 என்று ஆயிற்று. ஒரு கையிலிருந்து வந்த பணம் இரண்டு கையிலிருந்து வர வேண்டியதாயிற்று. இந்தக் கை அந்தக் கையைப் பார்த்தது. அந்தக் கை இந்தக் கையைப் பார்த்தது. நடுவில் காப்பகத்துக்குப் பணம் வரத் தாமதமாயிற்று.

மத்திய பட்ஜெட்டிலும் பணம் சுருங்கியது. 2017-18-ல் இந்தத் திட்டத்துக்கு ரூ.200 கோடி ஒதுக்கினார்கள். 2019-20-ல் அது ரூ.50 கோடியாகத் தேய்ந்து விட்டது.

பணம் வராத காப்பகத்தில் பால்காரனுக்குப் பாக்கி நிற்கும். வாடகை நிற்கும். பிறகு ஒரு நாள் கதவில் பூட்டுத் தொங்கும். இதற்கு உத்தரவு எதற்கு?

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. நின்றிருந்த காப்பகங்களும் அடைக்கப்பட்டன. சினிமாக் கொட்டகை திறந்தது, கடைவீதி திறந்தது, பள்ளிக்கூடமும் திறந்தது. அடைத்த காப்பகங்களில் பல திரும்பத் திறக்கவே இல்லை.

சம்பளம் என்ன தெரியுமா?

2017-ல் வந்த ஏற்பாட்டின்படி காப்பகப் பணியாளருக்கு மாதம் ரூ.3,000. உதவியாளருக்கு ரூ.1,500. இருபத்தாறு நாளுக்கு இதைப் பங்கு போட்டுப் பாருங்கள். பணியாளருக்கு நாள் ஒன்றுக்கு ரூ.115 சொச்சம். உதவியாளருக்கு ரூ.58 கூட இல்லை!

களையெடுக்கப் போகும் பெண்ணின் பிள்ளையைப் பார்த்துக் கொள்பவளுக்கு, களையெடுக்கும் கூலியில் பாதி கூடக் கிடையாது. அப்படியானால் அவளும் களையெடுக்கத்தானே போவாள்?

பால்வாடியிலும் ஆள் பற்றாக்குறை உண்டு. 2025-ல் தமிழ்நாடு சர்க்கார் 7,783 அங்கன்வாடி இடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியிட்டது. அவற்றில் 3,592 இடங்கள் உதவியாளருக்கு உரியவை. அத்தனை நாற்காலி காலியாக இருந்தது என்றுதானே அதற்கு அர்த்தம்! ஒரே பணியாளர் இரண்டு மையங்களை ஏற்றுப் பார்த்துக் கொண்டதும் இதனால்தான்.

மறு பக்கம்

மறு பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லாக் காப்பகமும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. பெயர்ப் பலகையும் பதிவுப் புத்தகமும் மட்டும் இருந்த இடங்களும் உண்டு. அவற்றை மூடியது தவறல்ல.

பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள் என்பதும் நிஜம். ஒரு காலத்தில் வீட்டுக்கு ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி 1.8 பிள்ளைகள். இரண்டு கூட இல்லை. பிள்ளை குறைந்த மையத்தைப் பக்கத்து மையத்தோடு சேர்த்து விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள்.

காகிதத்தில் அது எளிது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை ஒரு மைல் நடக்குமா? வேலைக்கு ஓடும் தாய் ஒரு மைல் எதிர்த்திசையில் போய் விட்டுவிட்டு வர முடியுமா? பிள்ளை குறைந்த ஊரிலும் தாய் வேலைக்குப் போகத்தான் செய்கிறாள். உள்ளபடியே, பிள்ளை குறைந்த வீட்டில் பார்த்துக் கொள்ள அக்காளும் இல்லை, சித்தியும் இல்லை.

மோசமான காப்பகத்துக்குப் பதில் நல்ல காப்பகம் வேண்டும். வெறும் பூட்டு அதற்குப் பதில் ஆகாது.

நஷ்டம் யாருக்கு?

காப்பகம் மூடினால் முதல் நஷ்டம் தாய்க்கு. வேலையை விடுகிறாள், கூலி போகிறது.

இரண்டாவது நஷ்டம் மூத்த பெண் பிள்ளைக்கு. "இன்றைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போக வேண்டாம், தம்பியைப் பார்த்துக் கொள்" என்று ஆரம்பிக்கும். ஒரு நாள் இரண்டு நாளாகும். பாடம் பின்தங்கும். பிறகு அவளுக்கே போகப் பிடிக்காமல் போய்விடும். தாய் படிக்காமல் போன காரணமும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது நஷ்டம் சொல்லவே நெஞ்சு நடுங்குகிறது. நம்முடையது தண்ணீர் நாடு. ஆறு, வாய்க்கால், குளம். ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள்தான் தண்ணீரில் அதிகம் தவறுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அதற்குத் தடுப்பாக அது கூறும் வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? சின்னப் பிள்ளைகளைப் பகலில் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துக் கொள்வது!

வங்காள தேசமும் தண்ணீர் நாடு. அங்கே கிராமங்களில் இப்படிப்பட்ட மையங்களை நடத்திப் பார்த்தார்கள். முற்பகலில் தாய் வேலையில் மூழ்கியிருக்கும் சில மணி நேரம் மட்டும் பிள்ளைகளை ஒருத்தி பார்த்துக் கொண்டாள். தண்ணீரில் சாவது வெகுவாகக் குறைந்தது. காப்பகம் உயிரைக் காக்கும் இடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன்.

2019 ஜனவரியில், சர்க்கார் நடுநிலைப் பள்ளிகளில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 2022 ஜூனில், அந்த வகுப்புகளை நிறுத்துவதாகச் செய்தி வந்தது. பெற்றோர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகள் எழுதின. கட்சிகள் கேட்டன. சில நாட்களுக்குள் முடிவு மாறியது. வகுப்புகள் தொடரும் என்று சர்க்கார் அறிவித்தது.

இங்கேயும் மூடல்தான், அங்கேயும் மூடல்தான். எல்.கே.ஜி. மூடப் போகிறது என்றதும் குரல் எழுந்தது, காரியம் நடந்தது. காப்பகங்கள் ஆயிரக் கணக்கில் மூடியபோது குரல் எழவில்லை, காரியமும் நடக்கவில்லை.

ஏன் எழவில்லை? கைப்பிள்ளைக்குப் பேசத் தெரியாது. தாய்க்குப் பேச நேரம் இல்லை. ஒவ்வொரு தாயும் இது தன் வீட்டுக் கஷ்டம் என்று நினைத்துக் கொண்டாள். மாமியாரோடு சண்டை போட்டாள். புருஷனோடு சண்டை போட்டாள். பூட்டின கதவைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

இனி என்ன செய்யலாம்?

வழி அடைபட்டுப் போகவில்லை. 2022 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் பழைய திட்டத்துக்குப் பதில் பால்னா என்ற திட்டத்தை வைத்தது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். அங்கன்வாடியையே காப்பகமாகவும் ஆக்கி, நாடு முழுவதும் 17,000 இடங்களில் நடத்துவது என்பது ஏற்பாடு. யோசனை நல்லது. கட்டடமும் சமையலும் பால்வாடியில் முன்பே இருக்கின்றன. ஆனால் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இருக்கிற பணியாளர் தலையிலேயே இந்தச் சுமையையும் ஏற்றினால் பழைய கதைதான்.

தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள் உண்டு. நாடு முழுவதுக்கும் 17,000 என்றால், கேட்கிற ஊருக்குத்தான் முதலில் கிடைக்கும்.

கேட்க உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 2006 டிசம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையானால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றது. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி மூலம் இலவச உணவு உரிமை என்றது. காப்பகத்துக்கு இப்படி நேரான உரிமை இன்னும் இல்லை. அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறோம்.

கர்நாடகத்தில் 2023-ல், 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் குழந்தைக் காப்பகம் வைக்க அந்தச் சர்க்கார் முன்வந்தது. "கூசின மனே" என்று அதற்குப் பெயர். குழந்தையின் வீடு என்று அர்த்தம். பக்கத்து மாநிலத்தில் முடிகிற காரியம் இங்கே முடியாதா?

இதே மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடத் தொடங்கி வைத்தார். சோறு போட்டால் பிள்ளை வருமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பிள்ளை வந்தது, படித்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்து, பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைக்கும் தட்டு வைத்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. படிப்படியாக வந்த நாடு இது. பள்ளிப் பிள்ளைக்கு வந்தாயிற்று, பால்வாடிப் பிள்ளைக்கு வந்தாயிற்று. கைப்பிள்ளைதான் பாக்கி.

ஆகவே தாய்மார் செய்ய வேண்டியது கடினமான காரியம் அல்ல. தெருவில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். வேலைக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த ஒருத்தி போதும். கிராமமானால் கிராம சபையில் கொடுங்கள். ஆழ்வார்திருநகரி போன்ற பேரூராட்சியானால் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். எங்கள் பால்வாடியோடு ஒரு காப்பகம் வேண்டும், அதற்குத் தனி ஆள் வேண்டும், அவளுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

ஆண்களும் கூட நிற்க வேண்டும். பிள்ளை தாய்க்கு மட்டும் பிறந்ததல்ல.

ஆழ்வார்திருநகரிப் புளிக்கு உறங்காப்புளி என்று பெயர். இரவிலும் அதன் இலை மூடுவதில்லை என்பார்கள். பிள்ளையைக் காத்த மரம் உறங்காமல் நிற்கிறது. பிள்ளையைப் பெற்ற நாம் உறங்கலாமா?